இருட்டில் கார் பூசிய மூடி பாய்

சூரியனோடு சண்டை போட்டுக்கொண்டே தொழில் செய்த போட்டோக்காரர் உலகத்தில் ஒருத்தர்தான். அவர் மதுரையில் இருந்தார். மூடி பாய்.

சொந்தப் பேர் தெரியாது. நான் கேட்டதில்லை. லென்சை மூடுகிற பித்தளை மூடியைக் கறுப்புக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருப்பார். சாப்பிடும்போதும் கிடக்கும். குளிக்கும்போதும் கிடக்கும். சந்தில் ஒரு அம்மாள் அதைத் தாயத்து என்று நினைத்து, எந்தச் சீக்குக்குக் கட்டியது என்று கேட்டாள்.

"வெளிச்சச் சீக்குக்கு" என்றார்.

அந்த அம்மாள் அதற்கப்புறம் பிள்ளைகளை அவர் பக்கம் விடவில்லை.

தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் மாடியில் அவர் கடை. கல்யாண ஜோடி, கைக்குழந்தை எல்லாம் பகலில் எடுப்பார். மூஞ்சியை உம்மென்று வைத்துக்கொண்டு எடுப்பார். மனசு பூராவும் காரில் இருந்தது. அவரிடம் ஒரு சைக்கிள்கூடக் கிடையாது.

அப்போது மதுரையில் கார் வாங்குகிறவர்கள் கொஞ்சம் பேர். வாங்கினால் படம் எடுத்து மாட்டுவார்கள். பாய் எடுத்த முதல் கார் படம் நல்ல நடுப்பகலில் எடுத்தது. புதுக் கார். கழுவித் துடைத்து நிறுத்தியிருந்தார்கள். படம் வந்ததும் கார்க்காரர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். கார்க் கதவுக்குள் நாற்பது பேர் நின்றார்கள். ஒரு மாடு நின்றது. நடுவில் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு பாய் நின்றார்.

"என் காரு எங்க பாய்?"

"இந்தக் கூட்டத்துக்குப் பின்னால இருக்கு."

அன்றைக்கு ஆரம்பித்தது அவருக்கும் சூரியனுக்கும். என்னிடம் அடிக்கடி சொல்வார்.

"அது இஷ்டத்துக்கு வெளிச்சம் போடுது. கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளி நில்லுன்னாக் கேக்குதா? காரு ஒரு கண்ணாடி மாப்ள. முன்னால என்னா இருக்கோ அதைக் காட்டும். அப்ப முன்னால ஒண்ணுமே இருக்கக்கூடாது. இருட்டுதான் இருக்கணும். வெளிச்சத்த நாமதான் தூக்கிட்டுப் போகணும்."

என்னை மாப்ள என்பார். எல்லாரையும் மாப்ள என்பார். படம் எடுக்க வந்த பாதிரியாரையும் மாப்ள என்றார்.

அவர் முறை இது. நிலா இல்லாத ராத்திரி. ஊருக்கு வெளியே பொட்டல். காரை நிறுத்தி, எதிரே முக்காலி போட்டுப் பெட்டிக் காமிராவை வைப்பார். லென்சின் துளையை மிளகளவுக்குச் சுருக்குவார். மூடியை எடுத்துவிட்டால் உள்ளே இருக்கிற மருந்து பூசின கண்ணாடிப் பிளேட்டு இருட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா கிடக்கும். இவர் ஒரு விளக்கைத் தூக்கிக்கொண்டு காரை ஒட்டி நடப்பார். விளக்கு பட்ட இடம் பிளேட்டில் ஏறும். படாத இடம் ஏறாது.

விளக்கும் அவர் செய்ததுதான். கார்பைடு போட்டு எரிகிற சைக்கிள் விளக்கு. அதை எண்ணெய் டின்னுக்குள் வைத்து, டின்னில் ஒரு பக்கம் நீளமாக வெட்டி, வெட்டின வாயில் பழைய வேட்டித் துணி கட்டியிருப்பார். வெளிச்சம் பால் மாதிரி வரும். டின்னின் வாய் காரைப் பார்க்கணும். முதுகு காமிராவைப் பார்க்கணும். மாறினால் படம் போச்சு.

"வெளக்கக் காட்டக்கூடாது மாப்ள. பூசணும். செவத்துக்கு வெள்ளையடிக்கிறவன் நடுவுல நின்னு யோசிப்பானா? ஒரே நடையா நடக்கணும். எங்க நின்னியோ அங்க தேமல் விழுந்துரும்."

அந்த இருட்டில் ரெண்டே வார்த்தைதான். மூடியைக் கையில் வைத்திருக்கிற ஆளிடம் "தெற" என்பார். "மூடு" என்பார். வேறு பேச்சுக் கிடையாது. இந்த ரெண்டு வார்த்தையே போதும் என்று நினைத்தார். அதில்தான் வம்பு வந்தது.

ஒரு ஜமீன் மைனரின் கார். மூடியை மைனரே பிடித்துக்கொண்டார். டிரைவர் கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். பாதி வேலையில் எதையோ சரிசெய்ய வேண்டி வந்தது. பாய் "மூடு" என்றார். மைனர் யோசித்தார். டிரைவர் யோசிக்கவில்லை. கதவைப் படாரென்று மூடினான். கார் ஒரு குலுக்குக் குலுங்கி நின்றது. மீதிப் பாதியை அதன்மேல் எடுத்தார்கள். படத்தில் ரெண்டு கார், ஒன்றுக்குள் ஒன்று.

"நான் ஒண்ணுதான வாங்குனேன்" என்றார் மைனர்.

அரிசி மில்காரர் ஒருத்தர் காரோடு தானும் நிற்பேன் என்று அடம் பிடித்தார். முந்நூறு எண்ணும் வரை அசையக் கூடாது என்றார் பாய். நின்றார். கொசு விடவில்லை. படத்தில் கார் பளபளவென்று இருந்தது. பக்கத்தில் கோட்டு இருந்தது, வேட்டி இருந்தது. கழுத்துக்கு மேலே புகை இருந்தது.

"தலை ஆடுச்சு" என்றார் பாய். "தலைக்கு நான் பொறுப்பில்ல."

அதற்கப்புறம்தான் மூடி பிடிக்க என்னைக் கூப்பிட ஆரம்பித்தார். நான் நூல் வியாபாரி ஒருத்தருக்குக் கார் ஓட்டினேன். அவர் கடை பாய் கடைக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது. எனக்குப் பேச்சு வராது. எண்ண வரும்.

"வாயத் தெறக்காத ஆளு, எண்ணத் தெரிஞ்ச ஆளு. மதுரையில வேற எவன் இருக்கான்?" என்பார். "வார்த்த காதுல விழுந்ததும் கை போகணும் மாப்ள. யோசிச்சின்னா அதுக்குள்ள ஒரு எண்ணு போயிரும். யோசிக்கவே யோசிக்காத."

யோசிக்காமல் நாலு காருக்கு மூடி பிடித்துக் கொடுத்தேன்.

சண்டைக்காலம் வந்தது. பெட்ரோல் சுருங்கியது. பிளேட்டு வரத்து நின்றது. பிளேன் வந்து குண்டு போடும், ராத்திரியில் வெளியே வெளிச்சம் காட்டக் கூடாது என்று தமுக்கடித்தார்கள். கார் விளக்குக்கே கறுப்பு முக்காடு போட்டார்கள். பாய் தொழில் படுத்துவிட்டது.

ஒரு நாள் எங்கள் முதலாளிக்கு ஒரு காகிதம் வந்தது. காரைப் பட்டாளத்துக்கு எடுக்கிறார்கள். மறுநாள் காலை எட்டு மணிக்கு ஒப்படைக்கணும். முதலாளி காகிதத்தை என் கையில் கொடுத்தார்.

"கழுவிக் கொண்டுபோயி விட்டுரு" என்றார். உள்ளே போய்விட்டார்.

எட்டு வருஷம் ஓட்டின வண்டி. எந்த ஆணி தளர்ந்திருக்கிறது என்று சத்தத்திலேயே சொல்வேன். அன்று சாயங்காலம் பாய் கடை மாடி ஏறினேன்.

"படம் வேணும் பாய்."

"எந்தக் காரு?"

"எங்க காரு."

"மொதலாளி கேட்டாரா?"

"இல்ல. எனக்கு."

காலையில் கார் போகிறது என்றேன். பாய் எழுந்து உள்ளே போனார். ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தார். அதைக் காதருகில் வைத்து ஆட்டினார். ஒரே ஒரு பிளேட்டு ஆடுகிற சத்தம்.

"இதுதான் இருக்கு. அடுத்தது என்னைக்கு வருமோ தெரியாது. ஒரே தடவ. தப்புனா அம்புட்டுத்தான்."

"சரி."

"வெளிச்சம் காட்டுனாப் பிடிச்சு உள்ள போட்டுருவாய்ங்க."

"சரி."

"வேற வார்த்தையே தெரியாதாய்யா ஒனக்கு?"

முக்காலியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டேன்.

"கெளம்பு" என்றார்.

நல்லவேளை நிலா இல்லாத நாள். வண்டியூர்த் தெப்பக்குளம் தாண்டி, கண்மாய்க்குள் இறங்கினேன். கண்மாய் வற்றிப்போய் ஓரத்தில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. பாய் காமிராவைப் பிள்ளையை வைத்திருப்பது மாதிரி மடியில் வைத்திருந்தார். பள்ளம் வரும்போதெல்லாம் "மெதுவா, மெதுவா" என்றார். காமிராவிடம் சொன்னாரா என்னிடம் சொன்னாரா தெரியவில்லை.

காரை நிறுத்தினேன். இறங்கித் துடைத்தேன். காரைச் சுற்றித் தரையில் தண்ணீர் ஊற்றச் சொன்னார்.

"ஈரத்துல காரு நெழலு விழும். காரு மெதக்குற மாதிரி இருக்கும்."

பதினெட்டு டின் ஊற்றினேன். பாய் அதற்குள் வேஷம் கட்டினார். நடந்துகொண்டே இருந்தால் ஆள் படத்தில் விழ மாட்டார். ஆனாலும் அவருக்கு நம்பிக்கை கிடையாது. நல்ல சிவப்பு ஆள். மூஞ்சியிலும் கையிலும் அடுப்புக்கரி பூசிக்கொண்டார். காமிராத் துணியைத் தலையோடு போர்த்தினார். வெள்ளைத் தாடியை உள்ளே சொருகினார். செருப்பைக் கழற்றிப் போட்டார். தண்ணீர் டின்னோடு திரும்பின நான் டின்னைக் கீழே போட்டுவிட்டேன். பத்தொன்பதாவது டின் அது. கணக்கில் சேர்க்கவில்லை.

இருட்டில் எதைப் பார்த்து லென்சைத் திருகுவது? என் பீடியைப் பற்றவைத்து முன் பம்பரில் வைக்கச் சொன்னார். துணிக்குள் தலையை விட்டு, அந்தச் சிவப்புப் பொட்டு ஊசிமுனை மாதிரித் தெரிகிற வரைக்கும் திருகினார். முடிந்ததும் போய்ப் பீடியை எடுத்து அவரே குடித்துவிட்டார்.

பிளேட்டைச் சொருகினார். சரியாக உட்கார்ந்ததா என்று மூன்று தடவை தொட்டுப் பார்த்தார். பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்தேன்.

"முந்நூறு. மொத நூறு மூஞ்சிக்கு. ரெண்டாவது நூறு மேல, மூங்கில்ல கட்டி. மூணாவது நூறு பக்கவாட்டுல, முன் சக்கரத்துலருந்து பின் சக்கரத்துக்கு, தரையோட தரையா. பேச்சுக் கூடாது. காருல கை படக்கூடாது. முக்காலியில கால் படக்கூடாது."

கழுத்திலிருந்து மூடியைக் கழற்றி லென்சில் மாட்டினார். அதை அவர் கழுத்தில் இல்லாமல் பார்ப்பது ஒரு மாதிரி இருந்தது. போய்க் காருக்கு முன்னால் நின்றார்.

"தெற."

எடுத்தேன். ஒன்று. ரெண்டு.

டின் வெளிச்சம் காரின் மூஞ்சியில் மெதுவாக நடந்தது. ஒரு விளக்குக் கண் எழுந்தது. அது அடங்கியதும் அடுத்தது எழுந்தது. ஆளைத் தெரியவில்லை. வெளிச்சம் மட்டும் தானாகப் போனது. நூறு.

டின்னை மூங்கிலில் மாட்டித் தூக்கினார். கூரைக்கு மேலே வெளிச்சம் பின்னாலிருந்து முன்னால் வந்தது. கறுப்புத் தகரத்தில் ஒரு வெள்ளிக் கோடு ஓடியது. எட்டு வருஷம் துடைத்திருக்கிறேன். அந்தக் கோடு அங்கே இருந்தது எனக்குத் தெரியாது.

நூற்றி முப்பதில் நாய் குரைத்தது. நூற்றி நாற்பதில் கண்மாய்க் கரைமேல் நெருப்புத் தெரிந்தது. ரெண்டு தீப்பந்தம். கூட ஒரு லாந்தர்.

பாய்க்கு அந்தப் பக்கம் முதுகு. அவர் பார்க்கவில்லை. சொல்லலாமா? பேச்சுக் கூடாது என்றிருக்கிறார். நூற்றி ஐம்பது. பந்தம் கரையை விட்டு இறங்கியது. நூற்றி அறுபது. ஆள் சத்தம் கேட்டது. ஒரு பந்தம் லென்சைப் பார்த்துவிட்டால் பிளேட்டு போச்சு. நூற்றி எழுபது. என் கையில் மூடி வேர்த்தது. பாயிடமிருந்து வார்த்தை வரவில்லை. நூற்றித் தொண்ணூறு. செருப்புச் சத்தம் கேட்டது.

இருநூறில் பாய் மூங்கிலை இறக்கினார். திரும்பினார். பார்த்தார்.

"மூடு."

மூடினேன்.

"எவன்டா அது, மூடுன்றது?"

லாந்தர் கிட்டே வந்தது. போலீஸ் ஏட்டு ஒருத்தர். கையில் லத்தி. பின்னால் பக்கத்து ஊர்க்காரர்கள் ரெண்டு பேர், பந்தத்தோடு.

"நாஞ் சொன்னேன்ல ஏட்டையா" என்றான் ஒருத்தன். "வெளக்கு தன்னால நடக்குது. ஆளக் காணோம்."

இன்னொருத்தன் அதற்குள் பாய் மூஞ்சியைப் பார்த்துவிட்டான். "ஆளு இருக்கு. ஆளில்லாமலே இருந்திருக்கலாம்" என்றான்.

ஏட்டு லாந்தரைத் தூக்கிப் பிடித்தார். "என்னையப் பாத்தா மூடுன்ன?"

"ஒங்கள இல்ல ஏட்டையா. மூடியச் சொன்னேன்."

"மூடியா? அவன் எவன்?"

"அது நாந்தான்."

"ஒன்னைய நீயே மூடச் சொன்னியா?"

"இல்ல ஏட்டையா. என் பேரு மூடி. நான் மூடச் சொன்னது இந்த மூடிய இல்ல. பெட்டியில இருக்கிற மூடிய."

ஏட்டு என் பக்கம் திரும்பினார். "என்னடா சொல்றான் இவன்?"

அதை எப்படிச் சுருக்கமாகச் சொல்வது என்று பார்த்தேன். வழி தெரியவில்லை.

"இன்னொரு தடவ அந்த வார்த்த வாயில வந்துச்சு, பல்லு கீழ கெடக்கும்" என்றார் ஏட்டு பாயிடம். "பிளேனுக்குச் சாடை காட்டுறீங்களா? பெட்டிக்குள்ள என்னா?"

"போட்டோப் பெட்டி ஏட்டையா."

"தெற" என்றார் ஏட்டு.

என் கை போய்விட்டது.

யோசிக்கவே இல்லை. வார்த்தை காதில் விழுந்தது, மூடி கையில் இருந்தது. லென்சு திறந்து கிடந்தது. எதிரே ரெண்டு பந்தம், பத்தடியில். இன்னும் லென்சுக்கு நேராக வரவில்லை. ஒரு எட்டு வைத்தால் வந்துவிடும்.

பாய் அதைப் பார்த்தார். வாயைத் திறந்தார். "மூ" வரைக்கும் வந்தது. ஏட்டு லத்தியை உயர்த்தினார். "மூ" அங்கேயே நின்றது.

அப்புறம் நடந்தது கண் சிமிட்டுகிற நேரம். பாய் ஒரே தாவாகத் தாவி லென்சுக்கு முன்னால் வந்து நின்றார். முதுகைக் காமிராவுக்குக் கொடுத்து, கறுப்புத் துணியை ரெண்டு கையாலும் வவ்வால் மாதிரி விரித்தார். முக்காலியில் அவர் உடம்பு படவில்லை. நடுவில் ஒரு விரல் இடம்.

நான் மூடியிருக்கலாம் என்பீர்கள். அந்த ஒரு விரல் இடத்தில் கையை விட்டால் முக்காலி ஆடும். பாயிடமிருந்து வார்த்தையும் முழுசாக வரவில்லை.

"இங்கிட்டு வாடா" என்றார் ஏட்டு.

"வர முடியாது ஏட்டையா."

"ஏன்?"

"நகந்தா காரு போயிரும்."

ஏட்டு காரைப் பார்த்தார். கார் நின்ற இடத்தில் நின்றது. தன்னைக் கேலி செய்கிறார் என்று நினைத்துவிட்டார். லத்தி இறங்கியது. தோளில் விழுந்தது. பாய் ஒரு சத்தம் போடவில்லை. உடம்பு முன்னால் வளைந்தது, பின்னால் வரவில்லை. துணியும் இறங்கவில்லை.

"நகருடா."

"மாட்டேன் ஏட்டையா."

ரெண்டாவது விழுந்தது. அதே தோள். துணியின் ஒரு ஓரம் தாழ்ந்தது. மறுபடி மேலே வந்தது.

மூன்றாவதுக்கு ஏட்டு கையை ஓங்கினார். நான் பேசினேன்.

"ஏட்டையா, காரு காலையில பட்டாளத்துக்குப் போகுது. எட்டு வருசம் ஓட்டுனேன். போறதுக்குள்ள ஒரு படம் கேட்டேன். கேட்டது நான். அடிக்கிறதா இருந்தா என்னைய அடிங்க. அவரு நகர மாட்டாரு."

சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினேன். ஏட்டு பாய்க்கு முதுகு காட்டி, லாந்தர் வெளிச்சத்தில் உதட்டை அசைத்துப் படித்தார். முத்திரையைத் தடவிப் பார்த்தார். ரெண்டாவது தடவை படித்தார்.

"எங்க மாட்டுவண்டியவும் எடுப்பாய்ங்களா ஏட்டையா?" என்று கேட்டான் பந்தக்காரன்.

ஏட்டு காகிதத்தை மடித்து என்னிடம் கொடுத்தார்.

"எம் மவன் பட்டாளத்துல லாரி ஓட்டுறான்" என்றார். "கடுதாசி வந்து நாலு மாசம் ஆச்சு."

லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "எம்புட்டு நேரம் ஆகும்?" என்றார்.

"நூறு எண்ணுற நேரம்" என்றார் பாய், விரித்த கையோடு. "பந்தத்த அமத்தணும்."

"அமத்துங்கடா."

பந்தத்தைச் சேற்றில் தேய்த்தார்கள். ஏட்டு லாந்தரை ஊதி அணைத்தார். கண் தெரியாத இருட்டு வந்தது.

"ஏட்டையா" என்றார் பாய்.

"என்ன?"

"அந்த வார்த்தைய ஒரு தடவ சொல்லிக்கிறட்டுமா?"

"எந்த வார்த்த?"

"பல்லு வார்த்த."

"சொல்லித் தொலை."

"மூடு."

மூடினேன். பாய் கையை இறக்கினார். அப்போதுதான் மூச்சு விட்டார். தடவித் தடவிப் போய் டின்னை எடுத்தார். அடிபட்ட தோள் டின்னைத் தூக்கவில்லை. இன்னொரு கைக்கு மாற்றினார். முன் சக்கரத்துக்கிட்டே குனிந்தார்.

"தெற."

ஒன்று. ரெண்டு.

ஏட்டுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. அவரும் எண்ண ஆரம்பித்தார். போலீஸ் கவாத்தில் அடி எண்ணுகிற மாதிரி வாய்விட்டு எண்ணினார். பாய் தடுக்கவில்லை. வெளிச்சம் தரையோடு தரையாகப் போனது. முன் சக்கரம் எழுந்தது. ஈரத்தில் இன்னொரு சக்கரம் தலைகீழாக எழுந்தது. முன் கதவு வந்தது. நான் உட்காருகிற இடம். ஐம்பது. ஐம்பத்தஞ்சு.

பந்தப் புகை பந்தக்காரன் தொண்டையில் ஏறியிருந்தது. இருமினான். மறுபடி இருமினான். ஏட்டுக்கு எண்ணிக்கை தடுமாறியது.

"வாய மூடு" என்றார் அவனிடம்.

என் கை போய்விட்டது.

அறுபத்தொன்று. லென்சை மூடிக்கொண்டு நின்றேன். பாய்க்குத் தெரியாது. அவர் குனிந்தபடியே போய்க்கொண்டிருந்தார். பின் கதவு வந்தது. பிளேட்டில் ஏறவில்லை. பின் சக்கரம் வந்தது. ஏறவில்லை. யாராவது "தெற" என்று சொல்ல மாட்டார்களா என்று நின்றேன். ஒருத்தரும் சொல்லவில்லை. அந்த முப்பத்தொன்பது எண்ணிக்கை மாதிரி நீளமான ரோட்டை நான் ஓட்டினதில்லை.

"நூறு" என்றார் ஏட்டு.

"மூடு" என்றார் பாய்.

"மூடியாச்சு" என்றேன்.

ஏட்டு லாந்தரைப் பற்றவைத்தார். பாயின் தோளைப் பார்த்தார். "படம் வந்தா எனக்குக் காட்டணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பும்போது பாய் தோளைத் தேய்த்துக்கொண்டே வந்தார். ரொம்ப சந்தோஷமாக இருந்தார். பின் சக்கரத்தில் வெளிச்சம் எப்படி விழுந்தது என்று சொல்லிக்கொண்டே வந்தார். தெப்பக்குளம் வரைக்கும் பொறுத்தேன்.

"பாய். அறுபத்தொண்ணுல மூடிட்டேன்."

தோளைத் தேய்த்த கை நின்றது.

"யாரு சொல்லி?"

"ஏட்டு சொல்லி."

கீழவாசல் வரைக்கும் காமிராவை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். நான் அழுகிற ஆள் இல்லை. ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

"வார்த்த காதுல விழுந்துச்சுல்ல?" என்றார்.

"விழுந்துச்சு."

"அப்ப ஒம் மேல தப்பில்ல. எந்த ஆளு சொல்றான்னு பாருன்னு நாந்தான் சொல்லிக் குடுக்கல."

காலையில் காரைக் கழுவினேன். எட்டு மணிக்கு ஒப்படைத்தேன். சாவியை வாங்கினவன் என்னைப் பார்க்கவில்லை. நேராக பாய் கடைக்கு நடந்தேன். கதவு சாத்தியிருந்தது. படிக்கட்டில் உட்கார்ந்தேன். உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் கேட்கவில்லை. மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.

கதவு திறந்தது. பாய் ஈரப் படத்தை ரெண்டு உள்ளங்கையிலும் வைத்து ஏந்திக்கொண்டு வந்தார். மூஞ்சியில் பாதிக் கரி அப்படியே இருந்தது.

கார் இருந்தது. மூஞ்சி இருந்தது. கூரையில் அந்த வெள்ளிக் கோடு இருந்தது. முன் கதவு இருந்தது. கீழே ஈரத்தில் இன்னொரு கார் மிதந்தது. பின் கதவு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, பின் சக்கரம் இருக்கிற இடத்தில் ஒன்றுமே இல்லை. இருட்டு.

"பின் சக்கரம் இல்ல பாய்" என்றேன்.

"போற வண்டி மாப்ள. கெளம்பிருச்சு. பின் சக்கரம் கொஞ்சம் முன்னாடியே போயிருச்சு."

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதை எனக்கு இப்பிடி எடுக்கத் தெரியாது. ஏட்டுதான் எடுத்துக் குடுத்திருக்காரு" என்றார்.

இன்னொரு பிரதி போட்டு ஏட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நான் எண்ணுனது நல்லா வந்திருக்கு" என்றார்.

பாய் போய்ப் பல வருஷம் ஆகிறது. ஊர்க் காரையெல்லாம் படம் எடுத்தவர். அவரை ஒருத்தரும் எடுக்கவில்லை. என் வீட்டுக்கு வருகிறவர்கள் சுவரில் காரைப் பார்ப்பார்கள். எந்த வருஷத்து வண்டி என்று கேட்பார்கள். நானும் ரொம்ப நாள் காரைத்தான் பார்த்தேன். பிறகு ஒரு நாள் தரையைப் பார்த்தேன். காரை ஒட்டி, ஈர மண்ணில், வெறுங்கால் தடம். மூஞ்சிக்கு முன்னால் நெருக்கமாக. முன் கதவைத் தாண்டி ஒவ்வொன்றாக. ஒரே நடை. எங்கேயும் நிற்கவில்லை. அப்படியே இருட்டுக்குள் போகிறது.

வாரத்துக்கு ஒரு தடவை அந்தப் படத்தின் கண்ணாடியைத் துடைப்பேன். கார்மேல் துணி வேகமாகப் போகும். அந்த இடம் வந்தால் மெதுவாகப் போகும்.